படுத்த ஆடு முதலில்

அடித்தவர் மேல் எனக்குக் கோபமே இல்லை அண்ணே. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையிலிருந்து நீங்கள் இந்த மாவுக்கட்டையும் என் மூஞ்சியையும் மாறி மாறிப் பார்க்கிறீர்கள், கேட்கத்தான் கூச்சம். உங்கள் மைத்துனருக்கு ஊசி போட்டுவிட்டார்கள், இனி சாயங்காலம் வரை அந்தக் கட்டிலிலிருந்து சத்தம் வராது. கேளுங்கள்.

மணிக்கட்டில் இரண்டு எலும்பும் போச்சு. துரட்டிக் கம்பு. ஆட்டுக்காரர்கள் மரத்தில் கொப்பு அறுத்துப் போடுவார்களே, நுனியில் அரிவாள் கட்டினது. சேவுகப்பெருமாள் கோனார் அதைத் திருப்பிப் பிடித்து அடிப்பக்கத்தால்தான் அடித்தார். நுனிப்பக்கம் வந்திருந்தால் இந்தக் கை தனியாக வேறு ஒரு வார்டில் இருந்திருக்கும். அந்த மட்டுக்கும் நல்ல மனிதர். என் கோபமெல்லாம் ஹெப்சிபா மேடம் மேல்தான்.

நாலு மணிக்கு அவர் இங்கே வருகிறார். கையில் ஒரு தாள் இருக்கும். ஒரே ஒரு கேள்வி கேட்பார். ஆடுகளைப் பட்டியல்படி பிடித்தாயா, உன் இஷ்டத்துக்குப் பிடித்தாயா? பட்டியல்படி என்று சொன்னால் வருகிற ஆனி மாதம் எனக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். இஷ்டத்துக்கு என்று சொன்னால் இருபத்தெட்டு வருஷ வேலை, பென்ஷன், குடியிருக்கிற குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே நாளில் போகும். ஊசி போடுவதையும் நிறுத்திவிடுவார்கள், அது வேறு. திங்கட்கிழமை முகாம் ஆரம்பம். நாற்பதாயிரம் ஆட்டுக்கு மருந்து குப்பிகளில் நிரப்பித் தயாராக இருக்கிறது.

என்ன ஊசி என்றா? முதலிலிருந்து வருகிறேன்.

கால்நடை நோய் ஆராய்ச்சி நிலையம். ஊர்ப்பெயர் வேண்டாம், உங்களுக்கும் நல்லது எனக்கும் நல்லது. அங்கே போஸ்ட்மார்ட்டம் ரூமில் உதவியாளர் நான், பெயர் இருளப்பன். மாட்டாஸ்பத்திரி என்று நினைத்துவிடாதீர்கள். மாட்டாஸ்பத்திரியில் நோய் வந்ததைப் பிழைக்க வைக்கப் பார்ப்பார்கள். எங்கள் இடத்தில் நல்ல ஆட்டை வாங்கி, தீனி போட்டு, நோயை நாங்களே மூக்கில் விட்டு, அது உள்ளே போய் என்ன செய்தது என்று அறுத்துப் பார்ப்போம். கேட்க ஒரு மாதிரி இருக்கும். பழகிவிடும்.

கத்தியில் என்னை அடிக்க அங்கே ஆள் கிடையாது. மேடம்தான் அங்கே டாக்டர், நரம்பில் ஊசி போட்டு மயக்குவார். ஆடு என் முழங்காலில் சாயும். ஒரே இழுப்பு, கழுத்து இரண்டாகும். ரத்தம் சாக்கடைக் குழிக்குள்தான் போகும், வெளியே ஒரு சொட்டு தெறிக்காது. தோலைக் கழற்றி, விலாவை வெட்டித் திறந்து, நுரையீரல், மண்ணீரல், குடல், அப்புறம் நெறி. கழுத்தில் நெறிகட்டியிருக்கிறது என்போமே, அதுதான். உடம்புக்குள் நோயோடு சண்டை நடக்கிற இடமே அந்த நெறிதான் என்பார் மேடம். ஒவ்வொன்றிலும் இரண்டு காசை அடுக்கின கனத்துக்குத் துண்டு எடுத்து பார்மலின் குப்பியில் போட வேண்டும். கனம் கூடினால் மருந்து உள்ளே இறங்காது, நடுச்சதை அழுகிப்போகும். என் துண்டு ஒன்றுகூட அழுகினது இல்லை. அந்தத் துண்டைத்தான் சீவிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள்.

மேடம் நாகர்கோவில் பக்கம். குட்டையான மனுஷி. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அதனால்தான் அன்றைக்கு அவ்வளவு சத்தமாகக் கேட்டதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

ஆட்டுக்கொல்லி நோய் தெரியும்தானே? மூக்கும் கண்ணும் ஒழுகி, வாயெல்லாம் புண்ணாகி, கழிச்சல் கண்டு ஒரு வாரத்தில் பட்டியைக் காலி பண்ணுமே, அது. அதற்குப் பழைய தடுப்பூசி ஒன்று இருக்கிறது. நல்ல ஊசிதான், ஆனால் ஐஸ் பெட்டியை விட்டு வெளியே வந்தால் செத்துவிடும். நம் வெயிலில் ஆட்டுக் கிடைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பச்சைத் தண்ணீர்தான். எங்கள் நிலையத்தில் வெயில் தாங்குகிற புது ஊசி ஒன்று செய்தார்கள். அதைச் சோதிக்க இருபத்துநாலு கிடா வாங்கினார்கள். எல்லாம் ஒரே வயது, ஒரே கருப்பு, ஒன்றுக்கொன்று அடையாளம் தெரியாது. பன்னிரண்டுக்குப் புது ஊசி. பன்னிரண்டுக்கு ஒன்றும் கிடையாது. இரண்டுக்கும் தனித்தனிப் பட்டி. காதில் மாட்டுகிற எண் வில்லை வந்து சேரவில்லை என்று கழுத்துக் கயிற்றில் தகரத் தகடு கட்டி எண் போட்டோம்.

மூன்று வாரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள், எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று பார்க்க. அப்போதுதான் அந்த ஏழாம் எண் என் வாயில் முட்டியது. இங்கே பாருங்கள், மேலே இரண்டு பல் இல்லை. நான் ரத்தம் துப்பிக்கொண்டு நிற்கிறேன், அது தாடையை ஆட்டி அசை போடுகிறது. மேடம் அந்தப் பக்கம் திரும்பினதும் இரும்பு வாளியால் அதன் விலாவில் ஒன்று வைத்தேன். உள்ளே ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. ஆனால் கோபத்தை மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை.

பிறகு எல்லாக் கிடாவுக்கும் மூக்கில் நோய் விட்டாச்சு. ஐந்தாம் நாள் மூன்று, எட்டாம் நாள் மூன்று, பதினொன்றாம் நாள் மூன்று, பதினாலாம் நாள் மூன்று. ஒவ்வொரு பட்டியிலும் இப்படி அறுக்க வேண்டும். எதை எப்போது என்று மேடம் சீட்டு எழுதி டம்ளரில் போட்டுக் குலுக்கி எடுத்துப் பட்டியல் போட்டுவிட்டார். "யாரும் பாத்துப் பொறுக்கக் கூடாது இருளப்பா, சீட்டுல வந்ததுதான்" என்றார். ஆட்டை அறுப்பதற்குக் கூடவா குலுக்கல் என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஐந்தாம் நாள் காலை. ஊசி போட்ட பட்டி. பட்டிக்குள் நான் மட்டும்தான் போவேன், மேடம் அறுக்கிற இடத்தில் உடுப்பு மாற்றிக்கொண்டு காத்திருப்பார். பட்டியலில் இரண்டு, ஏழு, பதினொன்று. மூன்றும் கல் மாதிரி நிற்கின்றன. ஏழு என்னையே பார்க்கிறது, கொம்பைத் தாழ்த்தி. சுவரோரம் வேறு மூன்று கிடக்கின்றன. ஐந்து, ஒன்பது, பத்து. கண்ணில் பீளை, வாயில் கோழை, மூச்சு இழுக்கிறது. அறிவுள்ளவன் என்ன செய்வான் அண்ணே? நல்லதை இன்றைக்குக் கொன்று, சீக்காளியை இன்னும் பத்து நாள் துடிக்க விடுவானா? எனக்கு ஈரம் இருக்கிறது. படுத்திருந்த மூன்றையும் பிடித்தேன். ஐந்தின் தகட்டை அவிழ்த்து ஏழின் கழுத்தில் கட்டினேன், ஏழின் தகட்டை ஐந்துக்கு. அப்படியே மற்ற இரண்டு ஜோடிக்கும். ஏழின் கழுத்தில் கட்டும்போது வேலிக்கு வெளியே நின்று கையை மட்டும் விட்டுக் கட்டினேன். பயமா? எனக்கா? நூற்றுக்கணக்கில் அறுத்தவன் நான். சும்மா ஒரு ஜாக்கிரதை.

எட்டாம் நாள் இன்னும் ஒன்று படுத்தது, மூன்றாம் எண். அதையும் அப்படியே முடித்தேன். அதற்குப் பிறகு அந்தப் பட்டியில் சீக்கு என்று எதுவும் இல்லை. ஊசி போடாத பட்டியில் எதைப் பிடித்தாலும் ஒன்றுதான், எல்லாமே படுத்துவிட்டன. அங்கே பட்டியல்படிதான் பிடித்தேன். இதை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அறுத்த அன்றைக்கு மேடம் முகம் பார்க்கணுமே. ஐந்தாம் நாள் நுரையீரலில் அங்கங்கே ஈரல் மாதிரி கறுத்துப் போயிருந்தது. "என்னப்பா, ஊசி போட்டும் இப்படியா?" என்று உட்கார்ந்துவிட்டார். எட்டாம் நாள் மூன்றில் ஒன்று அப்படி. பதினொன்றாம் நாள் ஒன்றும் இல்லை. பதினாலாம் நாள் திறந்தால் மூன்றும் அப்போது பிறந்த குட்டியின் நுரையீரல் மாதிரி இளஞ்சிவப்பு. கையுறையோடு என் தோளைப் பிடித்துக்கொண்டார். "குணமாயிருக்கு இருளப்பா! முதல்ல கொஞ்சம் பாதிச்சு, அப்புறம் உடம்பே அடிச்சு விரட்டியிருக்கு!" என் சட்டை பூராவும் ரத்தம். இயக்குநர் எல்லோருக்கும் கேசரி வாங்கிக் கொடுத்தார்.

அதற்கப்புறம் மூன்று வாரம் மேடம் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "அஞ்சாம் நம்பர் ரத்தத்துல எதிர்ப்புச் சக்தியே வரலை. ஆனா அதோட நுரையீரல் அவ்வளவு சுத்தம். ஏழாம் நம்பர் ரத்தத்துல ஏகப்பட்ட சக்தி, சதை நாசமாக் கெடக்கு. ரத்தம் ஒண்ணு சொல்லுது, சதை ஒண்ணு சொல்லுது. தகடு எதுவும் அறுந்து விழுந்துச்சா?"

"இல்லைங்க மேடம்."

"அஞ்சாம் நம்பருக்கு விலாவுல ஒடிஞ்சு கூடின எலும்பு இருக்கே?"

"கீழ விழுந்திருக்கும் மேடம்."

தகடு அறுந்து விழவில்லை, நான்தான் அவிழ்த்தேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன், அதில் பொய் எங்கே இருக்கிறது? அவரும் மேலே கேட்கவில்லை. இயக்குநர் அதையே பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்லிவிட்டார். ரத்தத்தில் தெரியாமலே இந்த ஊசி உள்ளுக்குள் காவல் காக்கிறதாம். படம் போட்டு எழுதினார்கள். நான் குப்பியில் போட்ட துண்டுதான் அந்தப் படம், நீல நிறத்திலும் ரோஜா நிறத்திலும். என் பெயர் அதில் இல்லை. நான் கேட்கவும் இல்லை.

பிறகு ஒன்பது கிடைகளுக்குப் போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. ஆட்டுக்காரர்களிடம் பழைய ஊசி வேண்டாம் என்று சொல்லிப் புதியதைப் போட்டார்கள். சேவுகப்பெருமாள் கோனார் முதல் ஆளாக நின்றார், தொண்ணூற்றாறு உருப்படி. ஐப்பசி மழை பிடித்தது. மழையோடு நோயும் வந்தது.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கேட்டுக்கு முன்னால் ஒரு மினி லாரி. கதவைத் திறந்தால் நாற்றம் ஆளைத் தள்ளுகிறது. செத்தது, சாகப்போவது, நிற்பது எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக. நாற்பது ஐம்பது பேர் கம்போடு நிற்கிறார்கள். கோனார் செத்த ஆடு ஒன்றை இரண்டு காலையும் பிடித்துச் சுழற்றி கேட் மேல் எறிந்தார். வயிறு வெடித்துக் கம்பியில் தொங்கியது. "உங்க மருந்தை நீங்களே தின்னுங்கடா!" இயக்குநர் மாடியிலிருந்து இறங்கவே இல்லை. மேடம்தான் போனார்.

"அண்ணாச்சி, எத்தனை போச்சு?"

"முப்பத்திரண்டு. இன்னைக்கு மத்தியானம் வரைக்கும்."

மேடத்தின் உதடு அசைந்தது, கணக்குப் போடுகிறவர் மாதிரி. பிறகு, "இங்கேயே, உங்க கண்ணு முன்னாலேயே அறுத்துப் பாத்துச் சொல்றேன்" என்றார். என் பக்கம் திரும்பினார். "இருளப்பா, இன்னும் நிக்கிற ஒண்ணைப் பிடிச்சு வா. செத்தது அழுகியிருக்கும், படுத்தது கடைசிக் கட்டம். நோய் இப்பத்தான் ஏறுறது வேணும்."

லாரியில் ஏறினேன். நிற்கிற கிடா ஒன்று ஓரத்தில். நல்ல கொம்பு. இந்தக் கை, இதோ இந்தக் கட்டுப் போட்ட கைதான், அதுவாகவே கீழே போய்ப் படுத்திருந்த ஒன்றின் காலைப் பிடித்து இழுத்தது.

"நிக்கிறதுன்னுதானய்யா அந்தம்மா சொல்லுச்சு?" என்றார் கோனார்.

"கொம்பைப் பாத்துப் பயந்துக்கிறாருப்பா" என்று ஒருவன். அந்த நிலையிலும் நாலு பேர் சிரித்தார்கள். "அவருக்கு ஒரு குட்டியா பாத்துக் குடுங்க."

இழுத்ததை விட்டுவிட்டு மறுபடி போனேன். கிடா தலையைத் தாழ்த்தியது. மறுபடியும் கை படுத்ததைத்தான் பிடித்தது. அவசரத்தில் நடப்பதுதானே? திரும்பினால் மேடம் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இருளப்பா. அங்க பட்டியிலேயும் இப்படித்தான் பிடிச்சியா?"

அவ்வளவு பேருக்கு முன்னால் அண்ணே. என் காதில் வந்து கேட்டிருக்கலாம். உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டிருக்கலாம். இருபத்தெட்டு வருஷம் கத்தி பிடித்தவனுக்கு அந்த மரியாதை கிடையாதா?

"பட்டியல்படிதான் மேடம்."

அவர் காதில் அது விழவே இல்லை. தனக்குத் தானே பேசுகிற மாதிரி, ஆனால் சத்தமாக, தமிழில், எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொல்லிக்கொண்டே போனார். "பன்னிரண்டுல நாலு சீக்காயிருக்கு. நாலையும் இவன் முதல்லயே பிடிச்சுட்டான். அஞ்சாம் நாள் சீக்கு, பதினாலாம் நாள் சுத்தம். நான் குணமாச்சுன்னு எழுதினேன். எந்த ஆடும் குணமாகலை. சீக்காளியைக் கொன்னுட்டு நல்லதைக் கடைசியில காட்டியிருக்கான். மூணுல ஒண்ணுக்கு ஊசி பிடிக்கவே இல்லை. இங்கேயும் மூணுல ஒண்ணுதான்."

கோனார்தான் கேட்டார். "அப்ப நீ எங்களுக்குப் போட்டது?"

"தப்பு. என் தப்பு. நான் பட்டிக்குள்ள போய்ப் பாத்திருக்கணும்."

எங்கிருந்தோ ஒரு கல் வந்தது. மேடத்தின் நெற்றி பிளந்தது. அவர் கையை வைத்து அமுக்கிக்கொண்டார், ரத்தம் விரலிடுக்கில் வழிகிறது, நகரவில்லை. கோனார் லாரியில் ஏறி என் முன்னால் நின்றார்.

"பிடிச்சது எந்தக் கைடா?"

நான் மறைத்தேன். எதை மறைத்தேனோ அதைத்தான் பிடித்தார். லாரிப் பலகையில் வைத்து ஒரே அடி. ஆட்டின் எலும்பு உடைகிற சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். என்னுடையதும் அதே சத்தம்தான் போட்டது. கீழே விழுந்த என்னை நாலு பேர் மிதித்தார்கள். செத்த ஆடுகளின் மேல் கிடந்தேன், மூக்கு ஒன்றின் வயிற்றில் புதைந்திருந்தது.

அப்புறம் நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. மேடம் என்னைத் தூக்கச் சொல்வார் என்று பார்த்தேன். "அந்தக் கிடாவை இறக்குங்க" என்றார். என் கையை ஒடித்த அதே கோனார் அந்தக் கிடாவின் கொம்பைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்து, மண்டி போட்டு, தொடையில் சாய்த்துக் கொடுத்தார். மேடம் நெற்றி ரத்தம் ஆட்டின் மேல் சொட்டச் சொட்ட என் கத்தியால் அறுத்தார். என் கத்தி அண்ணே. இரண்டு இழுப்பு தேவைப்பட்டது. விலாவைத் திறந்து, கறுத்திருந்த இடத்தில் கோனாரின் விரலை வைத்து அமுக்கிக் காட்டினார். அந்த ஆள் அழுதார். நான் லாரியில் கத்திக்கொண்டிருக்கிறேன். போலீஸ் வருகிறவரை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கோனார் இப்போது ரிமாண்டில். மேடத்துக்கு ஆறு தையல். இயக்குநரின் ஆள் நேற்று ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். "அந்தம்மா அடிபட்ட அதிர்ச்சியில உளறிட்டாங்கன்னு முடிச்சிரலாம் இருளப்பன். நீங்க பட்டியல்படின்னு ஒரு வரி சொன்னாப் போதும். வேற சாட்சி கிடையாது. இருபத்துநாலும் எரிச்சாச்சு." உண்மைதான், நான்தான் எரித்தேன்.

அதனால் பட்டியல்படி என்றுதான் சொல்லப்போகிறேன். என்னை அவ்வளவு பேர் முன்னால் அவமானப்படுத்தினவருக்கு நான் எதற்கு உதவ வேண்டும்? மூன்றில் இரண்டு பிழைக்கிறதே, அது ஊசி இல்லையா?

என்ன கேட்டீர்கள்? முகாம் எந்தப் பக்கமா? கிழக்கே, கண்மாய்க் கரையோரம் இருக்கிற ஊர்கள் எல்லாம். ஏன்? உங்கள் ஊரும் அங்கேதானா? ஆடு வைத்திருக்கிறீர்களா?

இருபத்தாறா.

அந்தத் தண்ணீர் பாட்டிலை எடுங்கள். இல்லை, பரவாயில்லை, நானே இடது கையால்.

இங்கே பாருங்கள். கிட்டே வாருங்கள். திங்கட்கிழமை உங்கள் ஆட்டை ஓட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விடுங்கள். வீட்டில் சொல்லி வையுங்கள், யார் வந்தாலும் ஆடு இல்லை என்று. புது ஊசி வேண்டாம். மாட்டாஸ்பத்திரியில் பழைய ஊசியைக் கேளுங்கள், ஐஸ் பெட்டியோடு வரச் சொல்லுங்கள், காலையிலேயே போட்டுவிடுங்கள். நான் சொன்னேன் என்று மட்டும் வெளியே வரக்கூடாது. ஒரு வேளை நோய் வந்துவிட்டால் படுத்ததை முதலில் அறுத்துவிடுங்கள். பாவம், துடிக்க விடாதீர்கள்.

மற்றவர்கள் ஆடா? மற்றவர்கள் யார் என்று எனக்குத் தெரியாதே அண்ணே. உங்களைத்தானே தெரியும். பக்கத்துக் கட்டிலில் இருக்கிறீர்கள், முகம் பார்த்துப் பேசியாச்சு, மனது கேட்கவில்லை. சொல்லிவிட்டேன். ஊருக்கே சொல்ல முடியுமா?

வந்துவிட்டார். கதவுக்குப் பக்கத்தில், நெற்றியில் கட்டோடு, அவர்தான். நர்ஸிடம் கேட்கிறார். நீங்கள் பாட்டுக்கு உட்கார்ந்திருங்கள்.

"வாங்க மேடம். பரவாயில்லை மேடம், வலி கொஞ்சம் குறைஞ்சிருக்கு. தாளா? படிக்க வேண்டாம் மேடம், என்ன கேள்வின்னு எனக்குத் தெரியும். பட்டியல்படிதான் பிடிச்சேன். ரெண்டு, ஏழு, பதினொண்ணு. எத்தனை தடவை கேட்டாலும் அதுதான்."

"இவரா? இவர் யாரோ மேடம், பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணைக்கு வந்தவர். இவருக்கு ஒண்ணும் தெரியாது."

அண்ணே, ஏன் எழுந்திருக்கிறீர்கள்? மைத்துனர் தூங்குகிறார், உட்காருங்கள். மேடத்துக்கு நாற்காலியா? வேண்டாம், அவர் நின்றுகொள்வார். அண்ணே. உங்கள் இருபத்தாறு பிழைத்துவிட்டதே, அது போதாதா? உட்காருங்கள் அண்ணே.